மூன்றாம் படியில் கொட்டிய திருநீறு

சாம்பலில் இரண்டு வகை உண்டு. ஒன்று அடுப்பிலிருந்து அள்ளுவது. மற்றது நெற்றியில் அணிவது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் நடக்கப் பழகுமுன்பே தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்திருந்தது. அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போய் நான்கு வருடம் இரசாயனவியல் படித்தேன். ஆறு வருடம் அதை மற்றவர்களுக்குப் படிப்பித்தேன். இவ்வளவும் செய்து முடித்து, எண்பதுகளின் நடுவில், சுவிஸ் மலைச்சரிவு ஒன்றில், முப்பத்து மூன்றாவது வயதில் அந்த வித்தியாசத்தை மறந்தேன். "மாஸ்ரர் படிச்சதையெல்லாம் மறந்துபோனார்" என்றுதான் எங்கள் ஆட்கள் இன்றும் சிரிக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. முழு உண்மையை இதில் எழுதிவிடுகிறேன்.

பீல் நகரத்தில் பஸ் ஏறி, அது திரும்பிப் போகும் கடைசித் தரிப்பில் இறங்கி, அரை மணித்தியாலம் மேலே நடந்தால் மோசர் அம்மாவின் பண்ணை வீடு. அவர் எழுபது வயது விதவை. மாடுகளை விற்றுவிட்டார், கோழிகளும் ஒரு பூனையும்தான் மிச்சம். மேல்மாடியில் ஓர் அறையை எனக்கும் குலத்துக்கும் தந்திருந்தார். குலம் என்னைவிட ஆறேழு வயது இளையவன். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. நான் மாலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பகலில் வீட்டில் நிற்பவன் நான் என்பதால் விறகும் அடுப்பும் சாம்பலும் என் பொறுப்பாயின.

அடுப்பு என்றால் சமையலடுப்பு அல்ல. பச்சை ஓடு பதித்து, சுவரோடு சேர்த்துக் கட்டிய, ஒரு சின்ன லொறி அளவான கணப்பு. அதன் வாய் குசினிப் பக்கம். வயிறு கூடத்துப் பக்கம். காலையும் பின்னேரமும் வைரமான மரக்கட்டைகளை ஊட்டினால் வீடு முழுவதும் சூடாகிவிடும். ஊட்டுவது சுலபம். அது கழித்ததை அள்ளுவதுதான் வேலை.

மோசர் அம்மா சாம்பலுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டுமே அள்ளலாம். வாளியை வெளியே, கல்லின்மேல், மரச்சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரண்டு நாள் தொடக்கூடாது. மூன்றாம் நாள் பாதி தோட்டத்துக்கு. மிச்சப் பாதி, வாசற்படியில் பனி உறைந்து வழுக்கும்போது தூவுவதற்கு. "சாம்பலுக்குள் நெருப்பு மூன்று நாள் நித்திரை கொள்ளும்" என்பார். பக்கத்து மலையில் ஓர் ஆள் சாம்பலை அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டையே எரித்த கதையை வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார். (நான்காவது வாரம் அந்த வீட்டில் எரிந்த பன்றிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது.)

சட்டத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. "வெளியே" என்ற ஒரு சொல்லில்தான் ஆட்சேபம். மைனஸ் பன்னிரண்டில், விடியற்காலையில், சாம்பலோடு வெளியே போவதற்காகவா நான் நாடுவிட்டு நாடு வந்தேன்? ஆகவே ஒரு குறுக்குவழி கண்டேன். வெறும் கோப்பிப் பேணி, பட்டாணிப் பேணி, பீச் பழப் பேணி என்று குசினியில் கிடந்த தகரப் பேணிகளிலெல்லாம் சாம்பலை நிரப்பி, கணப்பின் காலடியில் வரிசையாக வைத்துவிடுவேன். ஆறியபின் ஒரேயடியாக வெளியே கொண்டுபோகலாம் என்பது திட்டம். அந்த "ஒரேயடி" என்றைக்கும் வந்ததில்லை.

மோசர் அம்மா கண்டுபிடித்து ஏசினார். நான் பதிலுக்கு விரிவுரை நடத்தினேன். என்னிடம் அப்போது ஏறக்குறைய நாற்பது ஜெர்மன் சொற்கள் இருந்தன. அவ்வளவையும் செலவழித்து, சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது, தண்ணீர் சேர்ந்தால் அது காரம் ஆகும், கொழுப்பும் சேர்ந்தால் சவர்க்காரம் ஆகும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"என் அம்மா அந்தத் தண்ணீரில்தான் துணி தோய்த்தார். கை வெந்துபோகும். நீ வாளியில் போடு" என்றார்.

இது கலியாணத்துக்குச் சரியாக ஒரு கிழமைக்கு முன் நடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருந்தேன், என் குற்றமே அதுதான்.

கலியாணம் குலத்தினுடையது. பெண் சுகந்தி, மட்டக்களப்பைச் சேர்ந்தவள். பீலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அமைதியான பிள்ளை, ஆனால் சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. இரண்டு பேரும் ஒரு பஸ் தரிப்பில் சந்தித்து, ஒரு குளிர்காலம் முழுவதும் பஸ்ஸைத் தவறவிட்டு, காதலித்துவிட்டார்கள். ஊரில் இருந்த குலத்தின் தாயாருக்கு இது சம்மதமில்லை. "அங்கத்தைப் பெட்டையள் ஆம்பிளையளைப் பாயோடை ஒட்டவைச்சுப் போடுவாளவை" என்று எழுதினார். மட்டக்களப்புப் பெண்கள் வசியம் செய்து ஆண்களைக் கட்டிப்போடுவார்கள் என்ற, எங்கள் பக்கத்தின் பழைய அவதூறு அது. (குலத்துக்கு அப்போது பாயே கிடையாது. மோசர் அம்மாவின் இரும்புக் கட்டிலில் படுத்தான்.) அதன் பிறகு எட்டு மாதம் கடிதமே இல்லை. சுகந்தி அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் குலம் வந்தவுடன் முதலில் அவன் கையைத்தான் பார்ப்பாள், கடிதம் ஏதும் இருக்கிறதா என்று.

பதிவு முடிந்து, தாலி கட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தபின், ஊரிலிருந்து வந்த ஒருவரின் கையில் ஒரு பால்மாப் பேணி வந்தது. வெள்ளைத் துணி போட்டு இறுக்கித் தைத்திருந்தது. கூடவே ஒரு துண்டு: "கோயில் திருநீறு. இரண்டு பேரும் பூசிக்கொள்ளுங்கோ. அம்மா."

அவ்வளவுதான். ஆனால் "இரண்டு பேரும்" என்ற சொல்லைச் சுகந்தி விரலால் தடவித் தடவிப் பார்த்தது எனக்கு இன்றும் ஞாபகம்.

குலம் அப்போது பீலில் ஒரு வீடு எடுத்து, சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தான். பேணியை என்னிடம் கொண்டுவந்தான்.

"மாஸ்ரர், அங்கை ஒரே தூசியும் பெயின்ற்றும். உங்களிட்டை இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கொண்டு வாங்கோ."

"உதென்ன பெரிய வேலையே? வைச்சிருந்து கொண்டு வாறதுதானே!"

"உங்களை நம்பித்தான்."

"ஓமடாப்பா. நீ போய்ச் சுவரை அடி."

வைத்திருந்து கொண்டுபோயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. சனிக்கிழமை பின்னேரம் என்னுள்ளிருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார். கடல் தாண்டி வந்த திருநீறு, ஈரம் பிடித்திருக்குமோ? தையலைப் பிரித்துத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் சற்றுக் கட்டிபட்டிருந்தது. உலர்த்தினால் நல்லது. எங்கே உலர்த்துவது? சூடான இடத்தில். சூடான இடம் எது? கணப்பின் காலடி. மூடியைக் கழற்றி, ஏற்கனவே நின்ற பேணிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து களைப்பில் நேரே மேலே ஏறிப் படுத்துவிட்டேன்.

காலை ஏழரைக்கு யன்னலால் பார்த்தேன். இரவு மழை தூறி உறைந்திருந்தது. மோசர் அம்மா வாசற்படியில் நின்று சாம்பல் தூவிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு படிகளும் சாம்பல் நிறம். மூன்றாம் படியும் நான்காம் படியும் பளிச்சென்று வெள்ளை.

நான் வேட்டியோடு கீழே ஓடிய வேகத்தில் பூனை கணப்பின்மேல் ஏறிவிட்டது. குசினியில் ஒரு பேணியும் இல்லை. இடம் கூட்டித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"எல்லாப் பேணியையும் வெளியே எடுத்துவிட்டேன். உனக்கு எத்தனை தடவைதான் சொல்வது?" என்றார் மோசர் அம்மா. பிறகு, ஏசியது போதும் என்று நினைத்தவராக, முகம் மலர்ந்து சொன்னார்: "ஆனால் கடைசிப் பேணி நல்ல சாம்பல். மெல்லியது. கொஞ்சமும் வழுக்கவில்லை." வழுக்கவில்லை என்று நிரூபிக்க மூன்றாம் படியில் நின்று சப்பாத்துக் காலால் இரண்டு தரம் தேய்த்தும் காட்டினார்.

நான் கைகூப்பினேன். பழக்கதோஷம். அவர் நன்றி சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

முழங்காலிட்டுப் படியைச் சுரண்டிப் பார்த்தேன். கிடைத்தது ஒரு கரண்டி அளவு. அதில் பாதி பனி, மீதியில் பாதி கோழி எச்சம். தாலிகட்டு பதினொரு மணிக்கு.

இப்போது யோசித்தால் நேரான வழிகள் மூன்று இருந்தன. குலத்திடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பீலில் எந்தத் தமிழ் வீட்டின் கதவைத் தட்டினாலும் ஒரு சிட்டிகை திருநீறு கிடைத்திருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால், அந்தத் துண்டுக் காகிதத்தை மட்டும் கொண்டுபோயிருக்கலாம். சுகந்திக்கு அதுவே போதும். ஆனால் எந்த வழியில் போனாலும், "மாஸ்ரர், ஒரு பேணியை வைச்சிருக்கக்கூட ஏலாமல் போச்சோ?" என்ற கேள்வியைக் கடந்துதான் போகவேண்டும். நான் ஆறு வருடம் கேள்வி கேட்டே பழகியவன்.

ஆகவே கணப்பின் வாயைத் திறந்தேன். ஆறிய சாம்பலில் மேலாக இருந்ததை மட்டும் அள்ளி, என் சால்வைத் துணியில் மூன்று தரம் அரித்தேன். அருமையாக வந்தது. கொஞ்சம் கற்பூரத்தை நொறுக்கிச் சேர்த்தேன். பால்மாப் பேணியைக் கழுவித் துடைத்து, நிரப்பி, துணியைப் பழையபடி தைத்தேன். மரச்சாம்பல் ஈரத்தோடு சேர்ந்தால் தோலைச் சுடும் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். ஒரு கிழமைக்கு முன்புதான் நாற்பது சொல்லில் படிப்பித்திருந்தேன். "காய்ந்த சாம்பல், ஒரு கீற்று, யாருக்கு என்ன ஆகப்போகிறது?" என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மறந்துபோனதாகப் பிறகு சொன்னது பொய். மறதி மன்னிக்கத்தக்கது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

கலியாணம் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். பெரிய மனதோடு பாதிரியார் தந்திருந்தார். முருகன் படம், குத்துவிளக்கு, இருபத்தைந்து பேர். ஐயர் இல்லை. தேவாரம் பாடத் தெரிந்த சபாபதி அண்ணை எல்லாவற்றையும் நடத்தினார். ஒரு பேக்கரியில் மா குழைப்பவர். எதையும் குழைக்காமல் விடமாட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேணியைப் பிரித்து மணந்து பார்த்தார். "ஊர்த் திருநீறு ஊர்த் திருநீறுதான்! மாப்பிளையின்ர அம்மா அனுப்பினது. எல்லாரும் பூசவேணும்!" என்று அறிவித்து, ஒரு சிட்டிகை நாக்கிலும் போட்டார். முகம் ஒரு கணம் கோணியது. "கொஞ்சம் சவர்க்காரம் மாதிரி... கப்பல் காத்துப் பட்டிருக்கும்" என்றார். (அது விமானத்தில் வந்திருந்தது.)

பிறகு ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டார்.

"அண்ணை," என்றேன் அவசரமாக, "காய்ஞ்சபடியே பூசலாமே..."

"மாஸ்ரர், நீர் சயன்ஸைப் பாரும். சைவத்தை எங்களிட்டை விடும். கலியாணத்திலை ஆரும் காய்ஞ்ச நெத்தியோடை இருப்பினமே?"

குழைத்தார். பேக்கரிக் கைகள். குலத்துக்கு மூன்று தடித்த கோடு. சுகந்திக்குப் பொட்டுக்கு மேலே ஒரு கீற்றுத் தொட்டார். அவள் குனிந்தபடியே, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. வைத்தார். பிறகு மண்டபம் முழுவதும் வரிசையாக வந்தார். என் முறை வந்தபோது நானும் நெற்றியைக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. மண்டபத்தில் வெப்பம் அதிகம்; எல்லோருக்கும் வியர்த்தது. தாலி ஏறியது. படம் எடுத்தார்கள். பிறகு ஒருவர் நெற்றியைச் சொறிந்தார். பக்கத்தில் இருந்தவரும் சொறிந்தார். சாப்பாட்டுக்கு இருந்தபோது பந்தி முழுவதும் சொறிந்தது. துடைத்துப் பார்த்தால், திருநீறு இருந்த இடத்தில் மூன்று சிவந்த கோடு. இராமர் முதுகில் தடவாமல் நெற்றியில் தடவிவிட்ட அணில்கள்போல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சிரிப்புத்தான். பிறகு பின்வரிசையில் ஒருவர் மெல்லச் சொன்னார்: "தாய் மனிசி ஓமெண்டு சொல்லிப்போட்டு, ஏதோ செய்து அனுப்பியிருக்கிறா போல."

சுகந்திக்கு அது கேட்டுவிட்டது. கைக்கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்தாள். குலத்திடம் மெதுவாக, "மாமிக்கு என்னில விருப்பமில்ல. மறுகா ஏன் அனுப்பினாங்க?" என்றாள். நான் இரண்டு முழத் தூரத்தில், ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தேன், வடையைப் போட்டு மூடினேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் மூன்று தமிழர்களை மூன்று கோடுகளோடு கண்ட மேலாளர், தொற்றுநோய் என்று பயந்து வைத்தியரிடம் அனுப்பினார். எதைப் பூசினீர்கள் என்று வைத்தியர் கேட்டாராம். "என் அம்மாவின் ஆசீர்வாதம்" என்றானாம் குலம். வைத்தியர் அதை அப்படியே எழுதிக்கொண்டு களிம்பு கொடுத்தாராம். இதை அவனே எனக்குச் சொன்னான், சிரிக்காமல்.

அடுத்த சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுகந்தி முன்மயிரை நெற்றியில் இழுத்துவிட்டிருந்தாள். தேநீர் வைத்தாள். குலம் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்:

"அம்மாவுக்கு எழுதிப் போட்டிட்டன், மாஸ்ரர்."

"என்னெண்டு?"

"இனி எனக்கு அம்மா இல்லையெண்டு."

"எப்ப போட்டனீ?"

"நேற்று."

ஆறு நாள் நான் பேசாமல் இருந்ததற்கு அந்த ஒரு சொல் விலையாயிற்று.

"குலம்," என்றேன், "அது உன்ர அம்மான்ர திருநீறு இல்லை."

சுகந்திதான் முதலில் கேட்டாள். "அப்ப யார்ர?"

"மோசர் அம்மான்ர அடுப்பிலை அள்ளினது."

"மாமி அனுப்பினது எங்க?"

"படியிலை."

"எந்தப் படியில, அண்ணன்?"

"மூண்டாம் படியிலையும் நாலாம் படியிலையும்."

பிறகு அவள் கேட்டாள்: "அது நல்ல திருநீறா?"

"நல்லது. பனி மாதிரி வெள்ளை. தபால்காரன்கூட வழுக்காமல் ஏறிப்போனான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சொன்னேனே, நிறுத்தத் தெரியாது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி அழுதாள். "அப்ப மாமி உண்மையாத்தான் அனுப்பியிருக்காங்க" என்று மட்டும் விளங்கியது.

குலம் எழுந்து கோட்டைப் போட்டான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் தபாற்கந்தோருக்கு ஓடினான். நாங்களும் பின்னால் ஓடினோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், மூன்று சிவந்த நெற்றிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நேற்றைய தபால் நேற்றே போய்விட்டது என்றாள்.

அங்கேயே நின்று இரண்டாவது கடிதம் எழுதினோம். நான் எழுதத் தொடங்கினேன். காரத்தன்மையை விளக்கவே ஒரு பக்கம் போயிற்று. குலம் அதைக் கிழித்தான். "அரைப் பக்கம் காணும். சயன்ஸ் வேண்டாம். நீங்கள்தான் கொட்டினது, நீங்கள்தான் மாத்தினது. அதை எழுதிக் கையெழுத்து வையுங்கோ." எழுதி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சுத்தமான அரைப் பக்கம் அதுதான்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தபால் எப்போது போகும், எது முந்தும் எது பிந்தும் என்று யாருக்கும் தெரியாது. நான்கு மாதம் ஒரு பதிலும் இல்லை. குலம் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தான். நான் தினமும் காலை, மைனஸ் எத்தனையானாலும், சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, வெளியே கல்லின்மேல் வைத்து, மூடியை அழுத்திவிட்டு வந்தேன். "இப்போதுதான் உனக்கு அடுப்பு விளங்குகிறது" என்றார் மோசர் அம்மா. அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் யோசித்தார். மறுநாள் மூன்றாம் படியையும் நான்காம் படியையும் சுடுநீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரை ரோசாச் செடிக்கு ஊற்றினார். யாரும் கால் வைக்காத இடம் அதுதானாம்.

வைகாசி முடிகிற நேரம் ஒரு பால்மாப் பேணி வந்தது. துணி, அதே தையல். இந்த முறை குலம் அதை என்னிடம் தரவில்லை. ஆனால் பிரிக்கும்போது நானும் நிற்க வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினான். உள்ளே "மகள் சுகந்திக்கு" என்று தொடங்கி ஒரு கடிதம். பேணியின் மூடியில் அழியாத மையால், பெரிய எழுத்தில்: "இது திருநீறு. படிக்கு அல்ல. மாஸ்ரரிடம் காட்டவும்."

இரண்டாவது கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதலாவதைப்பற்றி அவர் அந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, பிறகு எழுதிய எதிலும் எழுதவில்லை. வழியில் தொலைந்ததா, படித்துவிட்டு மடித்து வைத்தாரா, எங்களுக்குத் தெரியாது. மகனை மீண்டும் காணாமலே அவர் காலமானார். குலம் ஒருநாள் காரில் போகும்போது, பாதையைப் பார்த்தபடி, "அது துலைஞ்சுதான் போயிருக்கும், என்ன மாஸ்ரர்?" என்றான். ஓம் என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரிந்த இரசாயனம் ஒன்றுமில்லை.

இப்போது எங்களுக்கு ஒரு கோயில் இருக்கிறது, பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில். திருநீற்றுத் தட்டு வரும்போது, அறுபது வயதைத் தாண்டிய சுகந்தி அதை வாங்கி, முழுக் குடும்பத்தையும் நிறுத்தி, முதலில் என் முன்னால் நீட்டுவாள்.

"முதல்ல நீங்க பூசுங்க, அண்ணன். நாங்க ஒரு மணித்தியாலம் பாத்திட்டுப் பூசுறம்."

மருமக்கள், பேரப்பிள்ளைகள், எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடக் குலம்தான் கூடச் சிரிப்பான். நான் குனிந்து மூன்று விரலாலும் பூசிக்கொள்வேன். அந்த ஒரு மணித்தியாலமும், எவ்வளவு அரித்தாலும், நெற்றியில் கை வைப்பதில்லை.